ரீடெஸ்ட் சாரும் என் இடது கை விரல்களும்

தனக்கு வந்த சர்க்கரை நோய்க்கு அடுத்தவன் விரலில் குத்திப் பார்த்த மனிதர் கடலூர் மாவட்டத்தில் மட்டுமல்ல, இந்தப் பூமியிலேயே ஒருவர்தான். அந்த அடுத்தவன் நான். இரண்டு வருஷம், ஞாயிறு நீங்கலாக, மதியம் சரியாக மூன்று மணிக்கு என் இடது கையில் ஒரு விரல் அவருக்குச் சொந்தமாக இருந்தது. இன்று யோசித்தாலும் எப்படிச் சம்மதித்தேன் என்று எனக்கே புரியவில்லை.

அவருக்குப் பெயர் உண்டு. சம்பளச் சீட்டில் பார்த்திருக்கிறேன். ஆனால் சிப்காட்டில் எங்கள் கம்பெனியில் கேட் வாட்ச்மேன் முதல் ஜி.எம். வரை எல்லோருக்கும் அவர் ரீடெஸ்ட் சார்தான். சாயத்துக்கு மூலப்பொருள் தயாரிக்கிற கம்பெனி அது. அவர் லேப் இன்சார்ஜ். எந்தச் சரக்கு உள்ளே வந்தாலும், எந்தச் சரக்கு வெளியே போனாலும் அவர் கையெழுத்து வேண்டும். அவரோ முதல் ரிசல்ட்டை நம்பியதாகச் சரித்திரமே கிடையாது. பேப்பரை மூக்குக்கு நேராகப் பிடித்து மேலும் கீழும் பார்த்துவிட்டு, "ரீடெஸ்ட்டு" என்பார். வெளியே லாரி நின்றுகொண்டிருக்கும். டிரைவர் கத்துவார். நான் டெஸ்பாட்ச் கிளார்க் என்பதால் அந்தக் கத்தல் முழுக்க என் காதில்தான் விழும்.

நான் வேலையில் சேர்ந்து மூன்றாவது வாரம் அது நடந்தது. அப்போது எனக்கு முப்பத்து நான்கு வயசு, ஒல்லி உடம்பு, தினமும் சிதம்பரத்திலிருந்து கம்பெனி பஸ்ஸில் வந்து போவேன். ஒரு நாள் மூன்று மணிக்கு ரீடெஸ்ட் சார் வெள்ளைக் கோட்டோடு என் மேஜைக்கு முன்னால் வந்து நின்றார். கையில் ஒரு ட்ரே. அதில் பஞ்சு, ஸ்பிரிட், ஊசி, ரத்தத்தில் சர்க்கரை பார்க்கிற சின்ன மெஷின்.

"தம்பி, உங்கப்பாவுக்கு சுகர் இருக்கா?"

"இல்ல சார்."

"அம்மாவுக்கு?"

"இல்ல சார்."

"தாத்தா, பெரியப்பா, அத்தை, யாருக்காவது?"

"எங்க வூட்ல யாருக்குமே இல்ல சார். ஏன் சார்?"

"வெயிட்டு எவ்ளோ?"

"அம்பத்தெட்டு."

"வெரி குட். விரலக் குடு."

ஏதோ கம்பெனி ரூல் போலிருக்கிறது என்று நீட்டினேன். சுருக்கென்று குத்திவிட்டார். நான் போட்ட சத்தத்தில் பக்கத்து டேபிள் டைப்பிஸ்ட் அம்மா எழுந்து நின்றுவிட்டார். ரீடெஸ்ட் சார் எதையும் கண்டுகொள்ளவில்லை. மெஷினைப் பார்த்தார். "நூத்தி எட்டு" என்று நோட்டில் எழுதினார். பிறகு புது ஊசி எடுத்துத் தன் விரலில் குத்தி, "நூத்தி தொண்ணூத்தி ரெண்டு" என்று அதற்குக் கீழே எழுதினார்.

"சார், சுகர் உங்களுக்கா எனக்கா?"

"எனக்குத்தான். எட்டு வருஷமா இருக்குது."

"அப்புறம் ஏன் சார் என்னப் போயி குத்துனீங்க?"

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "இங்க பாரு. லேப்ல எந்த மெஷின்ல சாம்பிள் ஓட்டறதா இருந்தாலும் மொதல்ல வெறும் தண்ணி ஓட்டிப் பாப்போம். தண்ணியில ஒண்ணும் இல்லன்னு நமக்குத் தெரியும். அப்பவும் மெஷினு எதனா காட்டுச்சின்னா அது மெஷினோட பொய்யி. அந்தப் பொய்ய சாம்பிள் ரிசல்ட்டுலேர்ந்து கழிச்சிட்டா மிச்சம் இருக்கறதுதான் நெஜம். இந்தக் கடக்காத்துல, இந்த கெமிக்கல் பொகையில, இம்மாஞ்சூண்டு மெஷினு நெஜம் சொல்லும்னு நீ நம்பறியா?"

நான் அதுவரை அதைப் பற்றி யோசித்ததே இல்லை.

"அதனால எனக்கு ஒரு வெறும் தண்ணி வேணும். கம்பெனி முழுக்க விசாரிச்சிட்டேன். எலக்ட்ரீசியனுக்கு அம்மா வழியில இருக்கு. ஸ்டோர் கீப்பருக்கு பிரஷர் இருக்கு. ஜி.எம். விரலு குடுக்க மாட்டன்றாரு. நீதான் சுத்தம்."

வெறும் தண்ணி! என் மனைவிகூட என்னை அப்படிச் சொன்னது கிடையாது. கோபமாக ஏதாவது சொல்ல வேண்டும் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் அவர் என் விரலில் பஞ்சை வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டு, "ரொம்ப தேங்ஸ்பா" என்றார். அவர் யாருக்கும் தேங்ஸ் சொல்லி அந்தக் கம்பெனியில் யாரும் கேட்டதில்லை. மறுநாளும் நீட்டிவிட்டேன்.

கணக்கு இதுதான். சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து எனக்கு நூற்றிப் பத்து இருக்க வேண்டும் என்று அவரே தீர்மானித்திருந்தார். அதற்கு மேல் எத்தனை காட்டுகிறதோ அத்தனையும் மெஷினின் பொய். அதைத் தன் ரீடிங்கிலிருந்து கழித்து, வருகிற எண்ணுக்குச் சிவப்பு மையில் வட்டம் போடுவார். முதல் சில மாதம் எனக்கு நூற்றைந்து, நூற்றுப் பன்னிரண்டு என்று சமர்த்தாக வந்துகொண்டிருந்தது. பெரிதாகக் கழிக்க எதுவும் இல்லை. திங்கள் கட்டை விரல், செவ்வாய் ஆள்காட்டி என்று அட்டவணையும் போட்டுவிட்டார். சனிக்கிழமைக்கு மட்டும் வலது கையிலிருந்து ஒரு விரல்.

மனிதர் சும்மா சொல்லக் கூடாது, சர்க்கரை விஷயத்தில் ராணுவக் கட்டுப்பாடு. காலை டிபனை லேபில்தான் சாப்பிடுவார். ஏனென்றால் அங்கேதான் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்த தராசு இருந்தது. தசமத்துக்குப் பின்னால் நான்கு இலக்கம் காட்டுகிற தராசு. கெமிக்கல் பொடியை எடை போட வேண்டிய அந்தத் தட்டில் சுத்தமான பேப்பர் விரித்து இட்லியை உட்கார வைப்பார். நான் முதன்முதலாக அந்தக் காட்சியைப் பார்த்தபோது கையிலிருந்த ஃபைலைக் கீழே போட்டுவிட்டேன்.

"சூடா வச்சா ரீடிங் ஆடும்பா. ஆறணும்" என்று அந்த இட்லியையே பார்த்துக்கொண்டு நிற்பார். இட்லி ஆறி, கல்லாகி, நாற்பத்தொன்று புள்ளி மூன்று எட்டு ஆறு இரண்டு என்று எண் நிலைக்கும்போது மணி பத்தாகியிருக்கும். நோட்டில் எழுதிவிட்டு அப்புறம்தான் வாயில் வைப்பார். அதுவரை லேபில் இருக்கிற பையன்களும் பெண்களும் தராசுக்காக வரிசையில் நிற்பார்கள்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கழிவுநீர்த் தொட்டியைச் சுற்றிப் பதினோரு ரவுண்டு நடப்பார். கம்பெனியில் மரம், நிழல், சிமெண்ட் பாதை எல்லாம் இருக்க, மூக்கைப் பொத்திக்கொண்டு ஓட வேண்டிய அந்த இடத்தில் ஏன் நடக்கிறீர்கள் என்று கேட்டேன்.

"அங்கல்லாம் நடந்தா எவனாவது கூட வந்து பேசறான். ஸ்பீடு கொறையுது. இங்க எவனும் வர மாட்டான்" என்றார். உண்மைதான். எவனும் போகவில்லை.

ஒரு தடவை ஸ்ரீமுஷ்ணத்தில் எங்கள் ஆபீஸ் நண்பர் ஒருவரின் கல்யாணம். லீவு போட்டாலும் என் விரலுக்கு லீவு கிடையாது. பந்தி முடிந்து இரண்டு மணி நேரம் கழித்து மண்டபத்து ஓரத்தில் நாற்காலி போட்டு என்னைக் குத்தினார். நிமிர்ந்து பார்த்தால் பின்னால் எட்டுப் பேர் கையை நீட்டிக்கொண்டு வரிசையில் நிற்கிறார்கள். முதலில் நின்ற பெரியவர், "எனக்கும் பாரு தம்பி, ரொம்ப நாளா பாக்கணும்னு நெனச்சிக்கினு இருந்தேன்" என்கிறார். இலவச முகாம் என்று நினைத்துவிட்டார்கள்.

ரீடெஸ்ட் சார் பதறிப்போய் எழுந்தார். "இது கேம்பு இல்லிங்க! இவன் வெறும் தண்ணி. நான் சாம்பிளு. நீங்கள்லாம் யாரு?"

சத்தம் கேட்டுப் பெண்ணின் தாய்மாமன் ஓடி வந்தார். "நீங்க பொண்ணு சைடா, மாப்ள சைடா?" என்று முறைப்பாகக் கேட்டார்.

"நாங்க லேப் சைடு" என்றார் ரீடெஸ்ட் சார். தாம்பூலப் பை வாங்காமலே பஸ் ஏறினோம்.

இவ்வளவு கட்டுப்பாடான மனிதருக்குள்ளே இனிப்புக்கு ஏங்குகிற நாக்கு ஒன்றும் இருந்தது. அதற்கு அவர் கண்டுபிடித்த வழிதான் எல்லாவற்றையும்விட விபரீதம். செம்மண்டலத்தில் அவர் வீடு. அவர் மனைவி, எங்களுக்கெல்லாம் அக்கா, கைமணக்காரர். அதிரசம், சோமாசி, ரவா லாடு என்று தீபாவளி, பொங்கல் எதையும் விட மாட்டார். ரீடெஸ்ட் சார் அதில் தன் பங்கை அப்படியே டப்பாவில் போட்டு எடுத்து வந்து என் முன்னால் வைப்பார்.

"நீ சாப்புடு. நான் பாக்கறேன்."

பார்க்கிறவர் சும்மா பார்க்க மாட்டார். "மொதல்ல மோந்து பாரு. ஏலக்காய் தெரியுதா? கடி. மொறுமொறுன்னு இருக்கா, மெத்துனு இருக்கா? பாகு பல்லுல ஒட்டுதா?" என்று கேள்வி மேல் கேள்வி. நான் பதில் சொல்லச் சொல்ல அவர் தொண்டை ஏறி இறங்கும். பண்ருட்டிப் பலா சீசனில் தினமும் பத்துச் சுளை. நான் போதும் என்றால், "உனக்கு என்னா கொறச்சல்? நீ சுத்தம். சாப்புடு" என்பார். நானும் சாப்பிட்டேன். சாப்பிட்டதோடு நிற்காமல் ரசித்தும் சொன்னேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரையும் அக்காவையும் சிதம்பரத்தில் எங்கள் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டேன். என் மனைவி சம்பா சாதமும் கத்திரிக்காய் கொத்சும் செய்திருந்தாள். இலையில் சாதம் விழுந்ததும் ரீடெஸ்ட் சார் பையிலிருந்து ஒரு சின்னத் தராசை எடுத்து வைத்தார். "தப்பா எடுத்துக்காதம்மா" என்று சாதத்தைத் திரும்ப எடுத்து எடை போட்டார். என் மனைவி கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டாள்.

"அப்ப இவருக்கும் நிறுத்துப் போடட்டுமா?" என்று என் இலையைக் காட்டிக் கேட்டாள்.

"அவனுக்கு எதுக்கும்மா? அவன் எவ்ளோ வேணா சாப்புடலாம்" என்றார். என் மனைவிக்குப் பெருமை தாங்கவில்லை. இன்னொரு கரண்டி வைத்தாள்.

இரண்டாவது வருஷம் ஆரம்பித்தபோது நான் எழுபத்தொரு கிலோ. நாற்காலியிலேயே வேலை, பஸ்ஸிலேயே பயணம், டப்பா டப்பாவாக இனிப்பு. என் ரீடிங் நூற்று முப்பதைத் தாண்டியது. ரீடெஸ்ட் சார் மெஷினை முறைத்தார். "ஈரம் பூந்துடுச்சி" என்றார். ஊசிப் பெட்டியையும், ரத்தத்தைத் தொட்டு மெஷினில் செருகுகிற ஸ்ட்ரிப் டப்பாவையும் ஈரம் உறிஞ்சுகிற கண்ணாடிக் குடுவைக்குள் வைத்துப் பூட்டினார். நூற்று ஐம்பத்தாறு. பேட்டரியை மாற்றினார். நூற்று எண்பத்தாறு. மெஷின் விற்ற கம்பெனிக்கு மூன்று பக்கத்தில் புகார் எழுதினார். அவர்கள் பயந்துபோய்ப் புது மெஷின் அனுப்பினார்கள். அது இருநூற்று நான்கு காட்டியது. இன்னும் நான்கு புகார், இன்னும் மூன்று மெஷின்.

கடைசியில் ஐந்து மெஷினையும் என் மேஜையில் வரிசையாக வைத்து, ஒரே நேரத்தில் என் ஐந்து விரலிலும் குத்தினார். ஐந்திலும் எண் வந்தது. ஒன்றுக்கொன்று ஆறு ஏழுதான் வித்தியாசம். எல்லாமே இருநூற்று முப்பதைச் சுற்றி.

அவர் வெற்றியோடு நிமிர்ந்தார். "பாத்தியா! அஞ்சும் ஒரே மாதிரி தப்பா காட்டுது!"

"அநியாயமா இருக்கே சார்" என்றேன் நான். மனசாரச் சொன்னேன். இதை எழுதும்போது எனக்கே தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

அந்தச் சமயம் எனக்கு ஓயாத தாகம். சாயங்கால பஸ்ஸில் ஆலப்பாக்கத்தில் ஒரு தடவை, புதுச்சத்திரத்தில் ஒரு தடவை எனக்காக நிறுத்த வேண்டியிருந்தது. டிரைவர் முனகிக்கொண்டே நிறுத்துவார். ரீடெஸ்ட் சாரிடம் சொன்னேன். "கடலூர் வெயிலு அப்படி. தண்ணி ஜாஸ்தி குடி" என்றார். குடித்தேன். பி.முட்லூரிலும் நிறுத்த வேண்டியதாயிற்று.

என் எண் ஏற ஏற, அவருடைய சிவப்பு வட்டம் இறங்கிக்கொண்டே வந்தது. மெஷின் அவருக்கு இருநூற்றுத் தொண்ணூறு காட்டும். எனக்கு இருநூற்று அறுபது. என்னுடையதில் நூற்றைம்பது பொய். கழித்தால் அவருக்கு நூற்று நாற்பது. "பத்து வருஷத்துல இப்படி ஒரு கண்ட்ரோலு எனக்கு வந்ததில்லப்பா!" என்று என் தோளைத் தட்டுவார். சந்தோஷத்தில் தனக்கும் ஒரு பலாச்சுளை ஒதுக்கிக்கொண்டார். பிறகு இரண்டு. எல்லாம் எடை போட்டுத்தான். டாக்டர்களிடமும் அந்தச் சிவப்பு வட்டத்தைத்தான் காட்டினார். வெளி லேபில் டெஸ்ட் எடுத்து வரச் சொன்ன டாக்டரிடம், "அவுங்க வெறும் தண்ணி ஓட்டறாங்களா?" என்று கேட்பார். கடலூரில் அவரோடு சண்டை போடாத டாக்டர் மிச்சமில்லை.

ஒரு நாள் சாயங்காலம் ஷிஃப்ட் முடிந்து டைம் ஆபீஸ் பெஞ்சில் உட்கார்ந்து அவர் சேஃப்டி ஷூவைக் கழற்றினார். நான் பஸ்ஸுக்காகப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். ஷூவைத் தட்டியதும் டங்கென்று ஒரு இரும்பு நட்டு சிமெண்ட் தரையில் விழுந்து உருண்டது. பெரிய நட்டு. நெல்லிக்காய் அளவு இருக்கும். அவர் அதை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

"இது எப்ப உள்ள போச்சு?" என்று என்னையே கேட்டார்.

அவருடைய சாக்ஸ் முழுக்க ரத்தம். சாக்ஸை உருவினேன். நட்டு அழுத்தியது புதுக் காயம். அதற்குப் பக்கத்திலேயே பழைய காயம் ஒன்று இருந்தது. கட்டை விரலின் அடிப்பக்கம் கறுத்துப்போய், வாடை அடித்தது.

"சார், இது என்னா சார்?"

"அது ஷூ கடிச்சதுப்பா. பத்து நாளா இருக்குது. வலிக்கல."

"நட்டு?"

"அதுவும் வலிக்கல" என்றார். அப்போதுதான் முதல்முறையாக அவர் முகத்தில் பயத்தைப் பார்த்தேன். அந்த நட்டோடு அவர் பதினோரு ரவுண்டு நடந்திருக்கிறார்.

மறுநாள் காலை அக்காவும் நானும் அவரைச் சிதம்பரத்தில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். வழி முழுக்க அக்கா அவருடைய காலைத் தன் மடியில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் பார்த்தபடியே வந்தார். டாக்டர் ஒரு பெண், முப்பது வயசுக்குள் இருப்பார். காலைப் பார்த்ததும் முகம் மாறியது. உடனே சர்க்கரை பார்த்தார்.

"நானூத்தி பன்னண்டு. இவ்ளோ சுகர வச்சிக்கிட்டு எப்படி சார் நடந்தீங்க? கால் தப்புமான்னே எனக்குச் சந்தேகமா இருக்கு."

அக்கா வாயைப் பொத்திக்கொண்டார். ரீடெஸ்ட் சார் மட்டும் பதறவில்லை. என் கையைப் பிடித்து இழுத்து மேஜை மேல் வைத்தார். "மேடம், இவனுக்கு ஒரு தடவ பாருங்க. அப்பத்தான் உங்க மெஷினு எவ்ளோ பொய் சொல்லுதுன்னு தெரியும்."

"சார், இப்ப இதுக்கெல்லாம் டைம் இல்ல."

"பாருங்க மேடம். ஒரே ஒரு தடவ. அப்புறம் கால வெட்டுங்க, தலைய வெட்டுங்க, நான் கேக்க மாட்டேன்."

தொல்லை விட்டால் போதும் என்று அந்தப் பெண் என் விரலில் குத்தினார். மெஷினைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"முந்நூத்தி பதினெட்டு. நீங்க என்ன மாத்திரை எடுத்துக்கறீங்க?"

"நானா? எனக்கு சுகர் இல்லீங்களே" என்றேன்.

ரீடெஸ்ட் சார் சிரித்தார். உண்மையாகவே சிரித்தார். "பாத்தீங்களா மேடம்? இருநூத்தி எட்டு ஜாஸ்தி காட்டுது. அதக் கழிச்சா எனக்கு இருநூத்தி நாலுதான்."

டாக்டருக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. இரண்டு நிமிஷம் அவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டார். பிறகு புது ஊசி எடுத்துத் தன் விரலிலேயே குத்திக்கொண்டு, மெஷினை ரீடெஸ்ட் சார் பக்கம் திருப்பினார். தொண்ணூற்றாறு.

ரீடெஸ்ட் சார் மெஷினை வாங்கி மூக்குக்கு நேராகப் பிடித்து மேலும் கீழும் பார்த்தார்.

"சிஸ்டருக்குப் பாருங்க" என்றார் ரீடெஸ்ட் சார். குரல் இறங்கியிருந்தது.

நர்ஸ் தானே குத்திக்கொண்டார். நூற்று மூன்று.

ரீடெஸ்ட் சார் என் கையைப் பார்த்தார். அந்த ஐந்து விரலையும் அவர் அளவுக்கு அறிந்தவர் யாரும் கிடையாது. உதடு அசைந்தது. "ரீடெஸ்ட்டு" என்றார், யாருக்கும் கேட்காத மாதிரி. என்னை மறுபடியும் குத்தினார்கள். முந்நூற்று இருபத்தொன்று.

எனக்குக் காது அடைத்துப்போனது. ஆனால் என்னைவிட அதிகமாக இடிந்துபோனவர் அவர்தான். அப்படியே பின்னால் சாய்ந்தார். இரண்டு வருஷத்துக் கணக்கும் அவர் மண்டைக்குள் தலைகீழாக ஓடுவது முகத்தில் தெரிந்தது. தன் கால் எப்படி இந்த நிலைக்கு வந்தது என்பது அவருக்கு அந்த நிமிஷம் புரிந்துவிட்டது. அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

"மேடம், மொதல்ல இவன அட்மிட் பண்ணுங்க. சின்னப் பையன். புள்ள குட்டிக்காரன். நான்தான் டப்பா டப்பாவா குடுத்தேன். ஒரு நாளைக்கு பத்து சுளை மேடம். நான்தான் குடுத்தேன்."

"சார், அதனால மட்டும் வர்றதில்ல. இவருக்கு மாத்திரையும் நடையும் இருந்தா சமாளிச்சிடலாம். உங்களுக்குத்தான் இப்ப நேரம் இல்ல. உங்க காலப் பாருங்க."

"கால் கெடக்குது மேடம். இவனுக்குப் பாருங்க."

அக்கா அதுவரை அடக்கி வைத்திருந்ததெல்லாம் வெடித்தது. "அய்யோ, அந்தப் புள்ளைக்கு அவுங்க பாப்பாங்க! நீ உன் காலக் குடுய்யா!" என்று ஆஸ்பத்திரியே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தினார். கணவரை அவர் ஒருமையில் பேசி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். ரீடெஸ்ட் சார் மறுபேச்சு பேசாமல் காலை நீட்டினார்.

கட்டை விரலும் அதற்கு அடுத்த விரலும் போயின. கால் தப்பியது. இன்னும் இரண்டு நாள் விட்டிருந்தால் முழங்காலோடு போயிருக்கும் என்றார் டாக்டர். இப்போது ரீடெஸ்ட் சார் ரிட்டயர் ஆகிவிட்டார். சர்க்கரைக்காரர்களுக்கென்றே செய்த மெத்தென்ற செருப்பு போட்டுக்கொண்டு செம்மண்டலத்தில் நடக்கிறார். தன் ரத்தத்தை மட்டும் பார்க்கிறார், மெஷின் காட்டுகிற எண்ணை அப்படியே எழுதுகிறார். நானும் மாத்திரை, நடை என்று எடையைக் குறைத்து, எண்ணை ஒரு வழிக்குக் கொண்டுவந்துவிட்டேன். அந்தக் கதையெல்லாம் சொல்லி உங்களை அறுக்க மாட்டேன். ஆபரேஷன் முடிந்த மூன்றாம் நாள் சாயங்காலத்தை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

அக்கா சுடுதண்ணீர் வாங்கக் கீழே போயிருந்தார். நான் அவர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தேன். மனசில் அரித்துக்கொண்டிருந்ததைக் கேட்டே விட்டேன்.

"சார், ஒரு தடவகூட எம்மேல உங்களுக்கு சந்தேகம் வரலயா? அஞ்சு மெஷினும் சொல்லுச்சே சார்."

அவர் மேலே பார்த்தார். கண் ஓரத்தில் நீர் இறங்கிக் காதுப் பக்கம் போயிற்று. துடைக்கவில்லை.

"மெஷினு கெட்டுப்போவும். ஸ்ட்ரிப்பு கெட்டுப்போவும். உனக்கு ஒரு சீக்கு வரும்னு நெனைக்க எனக்கு மனசு வரலடா" என்றார்.

இரண்டு வருஷத்தில் அவர் எனக்குக் கொடுத்த அதிர்ச்சிகளுக்குக் கணக்கு கிடையாது. ஆனால் இதற்கு ஆடிப்போன மாதிரி எதற்கும் நான் ஆடிப்போனதில்லை. என்னிடம் நோய் இருக்காது என்று நம்பி ஒரு மனிதர் தன் காலையே பறிகொடுக்க இருந்தார். நான் அவரை வெறும் கோமாளி என்று பஸ்ஸில் சொல்லிச் சிரித்துக்கொண்டு வந்திருக்கிறேன்.

விரல் எடுத்த கால் கட்டோடு தலையணை மேல் இருந்தது. போர்வைக்கு வெளியே நீண்டிருந்த இன்னொரு காலைக் கையில் பிடித்துக்கொண்டேன். அதிலும் உணர்ச்சி செத்துவிட்டது என்று டாக்டர் சொல்லியிருந்தார். நான் பிடித்திருந்தது அவருக்குத் தெரிந்திருக்காது. அவர் தூங்கும்வரை பிடித்துக்கொண்டே இருந்தேன்.